வெளுத்தால் செத்ததா? பள்ளத்தூர்க்காரருக்கு ஒரு பதில்

தொண்டிரோடு: "பவளமெல்லாம் வெளுத்துச் செத்தாச்சு, இனிப் படகுக்காரர்கள் கூடிப் பேசி என்ன கிழிக்கப்போகிறார்கள்" என்று நேற்று ஒருவர் இந்த இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வெளுத்தால் செத்ததாக அர்த்தம் இல்லை ஐயா. தண்ணீர் சூடேறினால் பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி வெளியேறிவிடும். நிறமும் சாப்பாடும் அந்தப் பாசி தருவது. சில வாரத்தில் சூடு தணிந்தால் திரும்பி வரும், தணியாவிட்டால்தான் பட்டினிச் சாவு. ஆஸ்திரேலியாவின் பெரிய பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃபில் சுற்றுலாப் படகுக்காரர்களும் கடல்பூங்கா ஆணையமும் சேர்ந்து 2009இலேயே பருவநிலை மாற்றத்துக்குச் செயல்திட்டம் போட்டார்கள். எந்த இடம் வெளுக்கிறது என்று படகு ஊழியர்களே பார்த்து ஆணையத்துக்குத் தெரிவிக்கிறார்கள். நம் கானாடுகாத்தான், காரைக்குடி விடுதிகளும் விருந்தாளிகளைக் கடலோரக் காரங்காட்டுக்கு வேனில் அனுப்புகின்றனவே, ஏன் சேர்ந்து ஏதாவது செய்யக்கூடாது?

பள்ளத்தூரான்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். எங்கள் அப்பத்தா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பவளம் இருக்கிறது. பால் வெள்ளை. செத்தது. வெள்ளை என்றால் செத்ததுதான்.

தொண்டிரோடு: அது கடலைவிட்டு வந்ததால் செத்தது! கடலில் வெளுத்தது வேறு. அப்புறம், அதை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி சிக்கல், தெரியுமா?

பள்ளத்தூரான்: ஓகோ, இப்போது என் அப்பத்தாவை உள்ளே தள்ளப் போகிறீர்களா? அது பர்மாவிலிருந்து தேக்கோடு வந்த பொருள், சட்டத்துக்கு முந்தியது. போன வருடம் ஆத்தங்குடித் தரைக்கல் விஷயத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். சரி, 2016இல் உங்கள் ஆஸ்திரேலியாவில் சுமார் 30 சதவீதப் பவளம் போனதே, அது என்ன, தூங்கியதா?

தொண்டிரோடு: போனது 30. வெளுத்தது அதைவிட எவ்வளவோ அதிகம். மீதி பிழைத்தது. அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன். வெளுத்தால் செத்ததல்ல.

தேவகோட்டை ஆச்சி: தம்பிகளா, காரங்காட்டில் பவளமே கிடையாது. அது அலையாத்திக் காடு. பவளம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி. போன தை மாதம் பேரப்பிள்ளைகளோடு காரங்காட்டில் படகில் போனேன். சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சில் நட்டது போல நிற்கின்றன, நடுவே தண்ணீர் பாட்டில் செருகிக் கிடக்கிறது. மூடிகூட இருந்தது. முதலில் அதைப் பொறுக்குங்கள்.

பள்ளத்தூரான்: கேட்டீர்களா! பவளமே இல்லாத ஊருக்கு வேன் விட்டுப் பவளத்தைக் காப்பாற்றுகிறாராம்.

தொண்டிரோடு: ஆச்சி சொல்வது சரிதான், ஆனால் பாட்டில் வேறு, சூடு வேறு. மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016இல் வெளுத்தது. மீண்டதும் உண்டு, செத்ததும் உண்டு. அதனால்தான் கேட்கிறேன், வெளுத்தால்...

கானாடுகாத்தான்_கண்: ஒரு விடுதியில் வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். மின்சாரம் போனால் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர். முற்றம் வைத்துக் கட்டிய வீடு, காற்று தானாக வரும். அதை அடைத்து ஏசி போட்டிருக்கிறார்கள். இவர்களா கடலுக்குச் செயல்திட்டம் போடுவது?

பள்ளத்தூரான்: அப்படிப் போடுங்கள்.

தொண்டிரோடு: நீங்கள் விடுதியைத் திட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் கட்டணம் வாங்கிக் கடல்பூங்கா நிர்வாகத்துக்குக் கொடுக்கிறார்கள். இங்கே வேன் வாடகைக்கு மேல் பத்து ரூபாய் கேட்டால் சண்டைக்கு வருவது யார்? போன மாசிக் களரித் திருவிழாவுக்குப் போன வேன் பணம் இன்னும் தராதவர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்.

பள்ளத்தூரான்: அந்த வேனில் ஏசியே ஓடவில்லை. முழு வாடகை எதற்கு?

தேவகோட்டை ஆச்சி: ஏசி வேண்டாம் என்று இப்போதுதானே பேசினீர்கள்?

பள்ளத்தூரான்: வீட்டுக்குத்தான் வேண்டாம் ஆச்சி. வேனுக்கு வேண்டும்.

தொண்டிரோடு: விஷயத்துக்கு வாருங்கள். வெளுத்தது செத்ததா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில்.

பள்ளத்தூரான்: செத்தது. அலமாரியைப் படம் எடுத்துப் போடுகிறேன்.