உதவி: சி.டி.யில் (மின்னோட்ட மின்மாற்றி) பி.டி. (பகுதி மின்னிறக்கம், அதாவது காப்புப் பொருளின் ஒரு சிறு இடத்தில் மட்டும் நிகழும் மின்பொறி) வந்தது, பிறகு தானாகவே தணிந்தது. அனுப்பலாமா?

வார்ப்பறை:
11 கிலோவோல்ட் லைனுக்கான சி.டி.களை எபாக்சி என்ற காப்புப் பிசினில் வார்க்கும் சிறு பட்டறை எங்களுடையது. சென்ற வாரம் வார்த்தவற்றில் ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது. மின்னழுத்தத்தை ஏற்றும்போது 10 கிலோவோல்ட்டில் பகுதி மின்னிறக்கம் தொடங்கி, 12-இல் 140 பிகோகூலம் வரை போனது. இறக்கும்போது 6-க்கு வந்த பிறகுதான் நின்றது. மறுபடி ஏற்றி 12-இலேயே அரை மணி நேரம் வைத்திருந்தேன். படிப்படியாகக் குறைந்து 15-க்கு வந்துவிட்டது. ஐ.இ.சி. 61869 என்ற சர்வதேசத் தரநிலை இந்த அழுத்தத்தில் 50 வரை அனுமதிக்கிறது. வாடிக்கையாளர் வண்டியோடு நிற்கிறார்.

செம்புக்கம்பி:
வண்டி நிற்கட்டும். செகண்டரிச் சுருளின் முனைகளை ஒன்றோடொன்று ஷார்ட் செய்து எர்த் செய்தீர்களா? அடித்தட்டின் போல்ட் ஒன்று எர்த் ஆகாமல் இருந்தாலே இப்படிக் கூத்து காட்டும். துடிப்புகள் அலையின் எந்த இடத்தில் வருகின்றன?

வார்ப்பறை:
எல்லாம் எர்த் செய்திருக்கிறது அண்ணா. முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்தும் பார்த்தேன். அழுத்தம் ஏறும் பகுதியில்தான் வருகின்றன, உச்சியைத் தாண்டினால் இல்லை. இரண்டு அரை அலைகளிலும் ஏறக்குறைய ஒரே உயரம்.

பழைய_சோதனைக்கூடம்:
அப்படியானால் வெளிக் கொரோனா (முனைகளைச் சுற்றிக் காற்றில் நிகழும் மின்னிறக்கம்) அல்ல, உள்ளே குமிழி. கடத்தியை ஒட்டி இருந்தால் ஒரு அரை அலையில் மட்டும் துடிப்புகள் உயர்ந்திருக்கும். சமமாக இருப்பதால் எபாக்சியின் நடுவில் தேடுங்கள்.

தணிந்ததை நம்பாதீர்கள் தம்பி. மின்னிறக்கம் குமிழியின் சுவரை அரித்து அமிலப் படிவை உண்டாக்கும். சுவர் கொஞ்சம் கடத்தத் தொடங்கும். பெரிய துடிப்புகள் போய், கருவிக்கு எட்டாத சின்னத் துடிப்புகள் வரும். புண் ஆறவில்லை, பொருக்குத் தட்டியிருக்கிறது. இரண்டு நாள் சும்மா வைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

எனக்கு 15-ஐவிட அந்த 6-தான் உறுத்துகிறது. 11 கிலோவோல்ட் லைனில் ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 6.35. ஏதோ ஒரு மிகையழுத்தம் ஒருமுறை தொடக்கிவிட்டால், லைனின் சாதாரண அழுத்தமே அதை அணையாமல் வைத்திருக்கும். நானாக இருந்தால் அறுத்துப் பார்ப்பேன்.

வார்ப்பறை:
நேற்று ஏற்றினேன் ஐயா, மறுபடி 90. அறுத்துவிட்டோம். பிரைமரிச் சுருளுக்கும் செகண்டரிச் சுருளுக்கும் நடுவே ஒரு குமிழி. உளுந்து அகலம், ஆனால் அப்பளம்போல் தட்டை. உட்சுவர் பளபளப்பின்றி மங்கியிருந்தது.

பழைய_சோதனைக்கூடம்:
தட்டை என்பதுதான் கெடுதல். எபாக்சியின் விடுதிறன் (காற்றைவிட எத்தனை மடங்கு மின்புலத்தைத் தணிக்கிறது என்பது) 4 என்று வைத்தால், உருண்டைக் குமிழிக்குள் மின்புலம் 1.3 மடங்குதான் ஆகும். புலத்துக்குக் குறுக்கே படுத்த தட்டைக் குமிழிக்குள் 4 மடங்கை நெருங்கும். அச்சு சூடேறாமல் ஊற்றினீர்களா?

வார்ப்பறை:
அன்று மின்சாரம் போய் அடுப்பு அரை மணி நேரம் அணைந்திருந்தது. பையன் சொல்லாமல் விட்டுவிட்டான். அதே வார்ப்பில் வந்த மற்ற ஏழு சி.டி.களையும் திரும்பச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி காலியாகவே போய்விட்டது.