சோனிக் முதல் பாகம் எங்கள் மெகா டிரைவில் மட்டும் மெதுவாக ஓடுகிறது: உதவி தேவை

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். 1990களில் சிங்கப்பூரில் வாங்கிய எங்கள் மெகா டிரைவ் (சேகா நிறுவனத்தின் வீடியோ விளையாட்டுப் பெட்டி) இன்னும் ஓடுகிறது. அண்மையில் என் மைத்துனர் ஜப்பானிலிருந்து ஒரு மெகா டிரைவும் சோனிக் விளையாட்டுக் கேட்ரிட்ஜும் வாங்கி வந்தார். ஒரே தொலைக்காட்சியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அவருடையது பாய்கிறது, எங்களுடையது நடக்கிறது. முதல் கட்டமான கிரீன் ஹில்லின் இசைகூட இழுத்துக்கொண்டு ஒலிக்கிறது. இன்னொன்று: அவருடைய கேட்ரிட்ஜில் சோனிக் நின்றாலும் மேகங்கள் தாமாக நகர்கின்றன. எங்களுடையதில் அவன் நின்றால் மேகமும் நின்றுவிடுகிறது. பெட்டி பழுதா? மகள் இதில்தான் பழகுகிறாள், தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஈசூன் ரசிகன்:
கண்டென்சர் (மின்தேக்கி) போயிருக்கும். பழைய பெட்டிகளில் வழக்கம்தான். மாற்றிப் பாருங்கள்.

பழைய பெட்டி:
கண்டென்சர் கெட்டால் ஒலி மங்கும், படம் கலங்கும். விளையாட்டு சீராக மெதுவாகாது தம்பி. தெம்பனிஸ்வாசி, ஒரு சோதனை செய்யுங்கள். கைத்தொலைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, திரையில் உள்ள நேரம் 0:00இலிருந்து 1:00க்கு வர எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். சோனிக்கை அசைக்கவே வேண்டாம்.

தெம்பனிஸ்வாசி:
செய்துவிட்டேன் அண்ணா. மைத்துனரின் பெட்டியில் 60 விநாடி. எங்களுடையதில் 72!

பழைய பெட்டி:
அப்படியானால் பழுது எதுவும் இல்லை, நிம்மதியாக இருங்கள். சிங்கப்பூரின் பழைய ஒளிபரப்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் போல பேல் முறை: விநாடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி, விநாடிக்கு 60. சோனிக் முதல் பாகம் 60 திரைகளை ஒரு விநாடி என்று எண்ணும்படி எழுதப்பட்டது. பேல் பெட்டிக்காக அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. 60 திரைகள் ஓட 1.2 விநாடி ஆகிறது, அதனால்தான் 72. ஓட்டம், தாவல், இசை எல்லாம் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைகின்றன. படம் சற்று நசுங்கி மேலும் கீழும் வெற்றுப் பட்டை தெரிவதும் இதனால்தான்.

இசையை மட்டும் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். இரண்டாம் பாகத்தில் பேல் பெட்டிக்கேற்ப இசையின் வேகத்தைச் சரிசெய்திருக்கிறார்கள்; பாட்டு சரியாக ஒலிக்கும், ஓட்டம் மட்டும் மெதுவாகவே இருக்கும்.

மேகங்களுக்குக் காரணம் வேறு. அமெரிக்காவில் 1991 ஜூனில் வெளியான விளையாட்டு ஜப்பானில் ஜூலையில்தான் வந்தது. அந்த இடைவெளியில் நிரலில் கைவைத்து, மேகங்களைத் தனித்தனி அடுக்குகளாக நகரவிட்டார்கள். லேபிரிந்த் கட்டத்தில் தண்ணீருக்குள் இறங்கினால் பின்னணி அலையாடுவதும் ஜப்பானியக் கேட்ரிட்ஜில் உண்டு. மிக அழகு, மகளுக்குக் காட்டுங்கள்.

பிடோக் அக்கா:
நான் சிறுவயதில் விளையாடிய சோனிக்கில் பாலமும் காடும் கட்டங்களாக வந்தனவே, அது எந்த நாட்டுப் பதிப்பு?

பழைய பெட்டி:
நாடு அல்ல அக்கா, பெட்டியே வேறு. அது சேகாவின் வேறு பெட்டிகளான மாஸ்டர் சிஸ்டம் அல்லது கேம் கியருக்காக வேறொரு குழு செய்தது. அதில் சேகரிக்க வேண்டிய மரகதங்கள் கட்டங்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

தெம்பனிஸ்வாசி:
எங்கள் பெட்டியை 60க்கு மாற்ற முடியுமா?

பழைய பெட்டி:
முடியும். பலகையில் 50, 60 தேர்வுக்கான இணைப்பு இருக்கிறது. அதை வெட்டி ஒரு சுவிட்சு வைப்பார்கள். பற்றவைப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் வேண்டாம் என்பதே என் கருத்து. வேகத்துக்கு மைத்துனரின் பெட்டி இருக்கிறது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் விளையாடிய சோனிக் அந்த 50 ஹெர்ட்ஸ் சோனிக்தான். அது ஒன்றாவது கைபடாமல் இருக்கட்டும்.

ஈசூன் ரசிகன்:
ஜப்பானியப் பெட்டிக்கு எந்த அடாப்டர் போடுகிறீர்கள்? அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அவர்கள் அடாப்டரை நேராகச் செருகினால் எரிந்துவிடும்.

தெம்பனிஸ்வாசி:
மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துத்தான் கொடுத்தார். இருவருக்கும் நன்றி. இரண்டாம் பாகத்தை இன்றிரவு போட்டு, இசையையும் ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.