பிள்ளைகளின் உடல் எடை: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

அகிலா, திருச்சி
அக்கா மகன், 11 வயது, எடை அதிகம். பின்கழுத்தில் தோல் கருத்திருந்தது. அது எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். தீபாவளிக் குளியலில் அவன் பாட்டி அதை அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார். தோல் கன்றிப்போய், "பாட்டி, அது போகாது, விடு" என்று கத்தினான். இன்னும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. அப்புறம் சளிக்குக் காட்டப் போனபோது டாக்டர் கழுத்தைப் பார்த்ததுமே ரத்தப் பரிசோதனை எழுதினார். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. கல்லீரலிலும் கொழுப்பு.

செல்வம்
வளர்கிற பிள்ளைக்கு இத்தனை டெஸ்டா? உயரமானால் சதை தானாக இறங்கிவிடும். நானும் சின்ன வயதில் குண்டுதான்.

ஷர்மிளா
செல்வம் அண்ணா, இதையேதான் எங்கள் தெருவிலும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 13 வயது, நல்ல பருமன். முழங்கால் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் படியேறும்போது பார்த்தேன், வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியபடியே வருகிறது. எக்ஸ்ரே எடுத்தால் கோளாறு முழங்காலில் இல்லை, இடுப்பில். தொடை எலும்பின் தலை நழுவியிருந்தது. அன்றைக்கே அட்மிஷன், ஸ்க்ரூ போட்டார்கள். இதுவும் தானாகச் சரியாகுமா?

ரமேஷ்பாபு
என் மகளும் எடை கூடித்தான் இருந்தாள், இப்போது பரவாயில்லை. எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். பட்டினி போடாதீர்கள். வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே பாதி வெற்றி. பாக்கெட் ஜூஸ், பிஸ்கட்டை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அப்பா மிக்சர் கொறித்துக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் வெள்ளரிக்காய் கொடுத்தால் நடக்காது. தினம் 60 நிமிடம் ஓடியாடட்டும். தைராய்டு என்று சாக்குச் சொல்லாதீர்கள், அப்படியிருந்தால் பெரும்பாலும் உயர வளர்ச்சியும் குறையும். பெரியவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை) கணக்கைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். எடை குறைக்கும் ஊசி பற்றிக் கேட்பவர்களுக்கு: செமாகுளுடைடு என்ற அந்த மருந்தை 12 வயது முதல் அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. அதுவும் சாப்பாடு, விளையாட்டோடு சேர்த்துத்தான்.

அகிலா, திருச்சி
சார், டயட் சார்ட் யாரும் கேட்கவில்லை. ஆனால் மிக்சர் விஷயம் உண்மை, எங்கள் அத்தானிடம் சொல்கிறேன்.

தஞ்சை வாசு
என் தம்பி மகனும் எடை கூடியவன்தான். தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டே நடுவில் மூச்சு நின்று திணறுகிறான். பகலில் வகுப்பில் தூக்கம், டீச்சரிடம் திட்டு. தூக்கப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க வயர் மாட்டிப் படுக்க வேண்டுமாம். சின்னப் பிள்ளைக்கு எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மா கூடவே படுக்க விடுவார்களா?