தம்பிக்குக் கரீபியனில் டாக்டர் சீட்: படகுப் பங்கை விற்கலாமா?

தங்கச்சிமடத்தான்:
ஒரு யோசனை வேண்டும். என் தம்பி பிளஸ் டூவில் இயற்பியலில் தவறி, துணைத்தேர்வில் 41 வாங்கித் தேறியவன். இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து 54 சதவீதம். அப்புறம் பார்மசி கல்லூரியில் சேர்ந்து, முதல் செமஸ்டரில் மூன்று அரியரோடு திரும்பி வந்துவிட்டான். 2025 நீட்டில் 131. பிசிக்குத் தகுதி மதிப்பெண் 113 என்பதால் தேறியதாகக் கணக்கு. அந்த மார்க்குக்கு இங்கே அரசு சீட் கிடைக்காது. படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, ஆகவே 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை.

ஏஜெண்ட் ஒருவர் கரீபியன் தீவில் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். இரண்டு வருடம் தீவில், மீதி அமெரிக்க ஆஸ்பத்திரிகளில். மொத்தம் 45 லட்சம். பழைய மார்க்கை யாரும் பார்க்க மாட்டார்கள், பார்மசி கதையை மட்டும் விண்ணப்பத்தில் எழுதவேண்டாம் என்கிறார். அப்பா விசைப்படகில் தனக்குள்ள பங்கை விற்கத் தயாராகிவிட்டார். அனுப்பலாமா?

சபுராளி, கீழக்கரை:
தாராளமா அனுப்புங்க தம்பி. எங்க ஊரில் கடல் தாண்டாத வீடே கிடையாது. என் அக்கா மகன் பிளஸ் டூவில் உங்க தம்பியைவிட மோசம். பிலிப்பைன்ஸில் படித்தான், வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவங்க இங்கே எழுதவேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் இரண்டாவது தடவையில் தேறினான். இப்போ ராமநாதபுரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறான். அந்த மார்க்ஷீட்டைப் பார்த்துவிட்டா நோயாளி கையை நீட்டுகிறார்? படகை இலங்கை நேவி பிடித்தால் உங்க அப்பா பங்கு ஒரே ராத்திரியில் போச்சு. படிப்பை எந்த நேவி பிடிக்கும்?

தொண்டி டாக்டர்:
சபுராளி அண்ணன் சொல்வதில் பாதி சரி. நானும் வெளிநாட்டில் படித்தவள்தான், கிர்கிஸ்தானில். எஃப்எம்ஜிஇ மூன்றாவது தடவையில்தான் தேறினேன். 300க்கு 150 வாங்கினால் போதும், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். கேட்க லேசாக இருக்கும். 2024 ஜூனில் எழுதியவர்களில் தேறியது ஐந்தில் ஒருவர்தான். அங்கே வார்டில் 'எங்கே வலிக்கிறது' என்று ரஷ்ய மொழியில் கேட்கப் பழகிவிட்டேன். பாட்டி பதில் சொன்னால் பாதி புரியாது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். அந்த ஆட்டலெல்லாம் பரீட்சை ஹாலில் நினைவுக்கு வந்தது.

தம்பியின் பழைய மார்க் வாசலில் தடுக்காது என்பதில் ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை. பிசிக்கு 40 சதவீதம் போதும், நீட்டும் தேறியாச்சு. ஆனால் 2021 நவம்பர் 18இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதியை அவர் சொன்னாரா? படிப்பு குறைந்தது 54 மாதம். அதற்குமேல் 12 மாத இன்டர்ன்ஷிப், அதே கல்லூரியில். பட்டம் தரும் நாட்டைவிட்டு வேறு நாட்டில் பயிற்சியின் எந்தப் பகுதியும் நடக்கக்கூடாது. தீவில் பாதி, அமெரிக்காவில் பாதி என்றால் இந்தியாவுக்குத் திரும்பி எஃப்எம்ஜிஇ எழுதும் வழியே அடைபடுகிறது. அந்தத் தீவுகளில் எம்.டி. (நம் ஊர் எம்பிபிஎஸ் மாதிரி முதல் டாக்டர் பட்டம்) என்பது பெரும்பாலும் 4 வருடம். அதற்கு முன் பிரீமெட் என்று ஒரு முன்தயாரிப்புப் படிப்பைத் தனியாக வைப்பார்கள். 54 மாதத்துக்கு எதை எதோடு கூட்டுவீர்கள்? சேர்ந்த நாளிலிருந்து 10 வருடத்துக்குள் எல்லாம் முடியவேண்டும் என்பது வேறு.

சபுராளி, கீழக்கரை:
திரும்பி வந்தால்தானே டாக்டரம்மா இந்த விதி? அமெரிக்காவிலேயே இருந்துவிட்டால்?

தொண்டி டாக்டர்:
இருக்கலாம் அண்ணே. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 2024இல் அங்கே ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆஸ்பத்திரிப் பயிற்சி இடம், கிடைத்தது 58 சதவீதம் பேருக்கு. எந்த நாட்டுக் கல்லூரியானாலும் முதல் வருடத்தைத் தாண்டி, ஸ்டெப் எனும் அமெரிக்க டாக்டர் உரிமத் தேர்வுகளை எழுதி, விண்ணப்பம் போடும் இடம்வரை வந்தவர்களின் கணக்கு இது. முதல் வருடத்திலேயே பையைக் கட்டியவன் இதில் இல்லை. தீவுக் கல்லூரிகளில் வாசல் அகலம் என்பதால் வடிகட்டுவதை உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். கட்டிய பணம் திரும்பாது.

மண்டபம் வாத்தியார்:
முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். அந்த 41 என்னைப் பயமுறுத்தவில்லை. நம் கடற்கரைப் பள்ளிகளில் 41க்குப் பின்னால் என்னென்னவோ இருக்கும். பார்மசி முதல் செமஸ்டரில் உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒரு பாடம். தம்பி அரியர் வைத்த மூன்றில் அது உண்டா? உண்டென்றால் ஏன்?

தங்கச்சிமடத்தான்:
உண்டு சார். அதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும், கூச்சமாக இருந்தது. அந்த வருடம் அப்பா தளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. திங்கள், புதன், சனி படகு போகும் நாளெல்லாம் தம்பிதான் அப்பாவுக்குப் பதிலாகப் போனான். மறுநாள் காலை கரைக்கு வந்து, நண்டையும் இறாலையும் பிரித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறுவான். கிளாஸில் பக்கத்தில் உட்காரவே பையன்கள் தயங்குவார்களாம், மீன் வாடை. நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன்.

சபுராளி, கீழக்கரை:
பார்த்தீங்களா! பையன் மண்டு இல்லை. தூக்கமில்லாதவன். இவனை நம்பிப் பணம் போடலாம்.

மண்டபம் வாத்தியார்:
பையனை நம்பலாம் பாய், நானும் நம்புகிறேன். ஏஜெண்டை நம்புவது வேறு விஷயம். தூங்கி எழுந்து படித்தால் என்ன வாங்குவான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க 45 லட்சம் ஆகாது. ஒரு வருடம், ஒரு நீட் பயிற்சி, படகுக்குப் போகக்கூடாது என்ற கண்டிப்பு.

தொண்டி டாக்டர்:
வாத்தியார் பக்கம் நான். வெளிநாடுதான் என்றால் முழுப் படிப்பும் பயிற்சியும் ஒரே நாட்டில் நடக்கிற கல்லூரியாகத் தேடுங்கள். பார்மசியை மறைக்காதீர்கள். முன்பு படித்த இடமெல்லாம் கேட்பார்கள், மறைத்தது நாலாவது வருடம் வெளிவந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அரியர் வந்த காரணத்தை இங்கே எழுதினீர்களே, அப்படியே எழுதுங்கள்.

தங்கச்சிமடத்தான்:
இன்று தம்பியோடு ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போனேன். 54 மாதமும் பயிற்சியும் அந்தத் தீவிலேயே நடக்கும் என்று கல்லூரியிடமிருந்து கடிதம் வாங்கித் தரமுடியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் படிச்சு முடிக்கும்போது விதி மாறிடும் சார், முதல்ல அட்வான்ஸைப் போடுங்க" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் தம்பி மேசையில் இருந்த தன் ஃபைலை எடுத்து, உள்ளே அசல் மார்க்ஷீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்துவிட்டான்.

அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். ஞாயிறு காலை கரைக்கு வருவார். பங்குக்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறார், அவரிடம் யார் சொல்வது என்றுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சபுராளி, கீழக்கரை:
தம்பியே சொல்லட்டும். படகிலிருந்து கூடையை இறக்கும்போது சொல்லச் சொல்லுங்க, அப்பாவுக்கு உட்கார்ந்து திட்ட நேரம் இருக்காது.