கொல்லை மதில் சாய்ந்தால்: மறுபடி எழுப்பும் முன்

மன்னார்குடி பக்கம்:
கார்த்திகை அடைமழையில் மதில் விழுந்தால் உடனே இடிபாட்டை அள்ளிவிடாதீர்கள். எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அஸ்திவாரத்தோடு பெயர்ந்து சாய்ந்திருந்தால் அது களிமண்ணின் வேலை. தரைமட்டத்தில் ஒடிந்து வெளிப்பக்கம் படுத்திருந்தால், உள்ளே அணைத்த மண்ணும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து தள்ளியிருக்கும். பூச்செடிக்கென்று 2 அடி மண்ணைச் சுவரில் சாய்த்துக் கொட்டுகிறார்கள். 4½ அங்குலச் சுவர் அதைத் தாங்காது.

நம் களி மழையில் உப்பும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். 1½ அடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) பறித்துக் கட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை சுவர் ஏறி இறங்கும். நீளம் முழுக்கப் பறிக்க வேண்டாம். 8 அடிக்கு ஒரு குழி, வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டி, 4 அடிக்குக் குறையாமல். அதில் கான்கிரீட் தூண், தூண்களை இணைத்து 9 அங்குல பீம். பீமை நேராகக் களிமேல் வார்க்கக் கூடாது. 3 அங்குலம் மணல் பரப்பி அதன்மேல் வார்த்து, இறுகியபின் மணலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி களி உப்புவதற்கு. "அதெல்லாம் எதுக்கு சார்" என்பார் கொத்தனார். இடைவெளி விடாவிட்டால் பீமின் நடுவில்தான் முதல் விரிசல் வரும். பக்கவாட்டில் செங்கல் அடுக்கி, மண் உள்ளே சரியாமல் மறைக்க வேண்டும்.

8 அடிக்கு 5 அடி அளவில் இரு தூணுக்கு நடுவிலுள்ள ஒரு கட்டத்துக்கு 4½ அங்குலச் சுவரில் ஏறக்குறைய 200 செங்கல் பிடிக்கும், கலவை 1:4 (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல்). நீளமான மதிலில் 40 அடிக்கு ஓரிடத்தில் சுவரைத் தொடராமல் பிரித்துவிடுங்கள். அங்கே இரட்டைத் தூண். தண்ணீர் போக 5 அடிக்கு ஒரு 3 அங்குல பிவிசி துண்டு, வெளியே சரிவாக. உள்வாயில் ஜல்லி போடாவிட்டால் ஒரே மழையில் களி அடைத்துவிடும்.

வேதாரண்யம் பக்கம்:
கடலோரத்தில் கம்பிதான் எதிரி. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, தூணையே பிளந்துவிடும். கம்பிக்கு வெளியே 2 அங்குலம் கான்கிரீட் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் கொல்லைக்கு வேலிதான் சரி என்பது என் எண்ணம். வலையில் காற்று புகுந்து போய்விடும். 7 அடி கருங்கல் தூணை 2 அடி புதைத்து, 8 அடிக்கு ஒன்றாக நட்டு, 10 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை, மூன்று வரிசை இழுகம்பி. மூலைத் தூணுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்காமல் கம்பியை முறுக்கினால் தூண் உள்ளே சாயும்; பிறகு எவ்வளவு முறுக்கினாலும் வலை தொய்வுதான்.

திருத்துறைப்பூண்டி பக்கம்:
வாய்க்கால் ஓரம் என்றால் சுவரே வேண்டாம், கரை அரித்துக்கொண்டு போகும். மேட்டில் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை), அடிக்கு ஒன்று, மழைக்கு முன்னால் ஊன்றுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் அதன் அடி அழுகிவிடும், அங்கே பூவரசு. எதை நட்டாலும் முதலில் சர்வேயரை வைத்து எல்லைக் கல்லைப் பார்த்துவிடுங்கள். பழைய மதில் இருந்த கோடுதான் எல்லை என்று நம்ப முடியாது.