முதல் சந்தேகம் கருவி மேல்தான்: ஃபிளேர் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். ஃபிளேர் என்றால் சூரியனிலோ வேறு நட்சத்திரத்திலோ திடீரென்று வெடித்துப் பளிச்சிடும் வெளிச்சம். 2024 மே 10. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள், அட்சய திருதியையும் அன்றுதான். தெருவே நகைக்கடைக்கும் ஸ்வீட் கடைக்கும் ஓடிக்கொண்டிருக்க, நான் மொட்டை மாடியில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு 40 மி.மீ. ஹைட்ரஜன் ஆல்பா டெலஸ்கோப்போடு (ஹைட்ரஜன் விடும் ஒரே ஒரு சிவப்பில் மட்டும் சூரியனைக் காட்டுவது) உட்கார்ந்திருந்தேன். சூரியனில் 3664 என்று எண் போட்ட கரும்புள்ளிக் கூட்டம் அந்த வாரம் முழுக்க விட்டேனா பார் என்று வெடித்துக்கொண்டிருந்தது. கிரகணக் கண்ணாடி போட்டாலே தெரிகிற அளவுக்குப் பெரிசு.

மே மாத நண்பகலில் மதுரையில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. ஸ்டாண்டின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஐபீஸ் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் நிற்கும், முட்டி போட்டால்தான் கண் எட்டும். சாக்கை நனைத்துப் போட்டு அதன் மேல் முட்டி போட்டேன். ஐந்து நிமிஷத்தில் சாக்கு காய்ந்துவிட்டது.

பன்னிரண்டு மணிவாக்கில் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கீற்று. சுற்றிலும் மங்கல் சிவப்பு, அது மட்டும் ஊதிவிட்ட கங்கு மாதிரி. ட்யூனிங் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தச் சின்ன டெலஸ்கோப்பில் ட்யூனிங் வளையம் இம்மி நகர்ந்தாலும் காட்சி மாறிவிடும். முன்னும் பின்னும் திருகினேன். மங்கியது, திரும்பியது. எங்கேயோ பட்டுத் தெறிக்கும் வெளிச்சமோ என்று சூரிய வட்டத்தை ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். கீற்றும் புள்ளியோடு ஒட்டிக்கொண்டே போயிற்று. அப்புறம்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. 12:24-க்கு உச்சம், எக்ஸ் 3.9 வகை (ஃபிளேர்களில் மிகப் பலமானவைக்குத்தான் எக்ஸ்) என்று பிறகு செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர் பதிவில் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்தில் சூரிய ஃபில்டர் தாள் கட்டிய 80 மி.மீ. டெலஸ்கோப்பும் இருந்தது. அவசரமாக அதில் பார்த்தால் வெறும் புள்ளிகள்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி! சூரியனின் மொத்த வெளிச்சத்தில் ஃபிளேரின் பங்கு அவ்வளவு சொற்பம். 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் அடைத்தால்தான் கண்ணுக்கு எடுபடும்.

ரிசல்ட் ஸ்வீட் கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். “இதுவா அங்கிள்? தூசி மாதிரி இருக்கு” என்றாள். பூமியை விட நீளமான தூசி.

திருச்சியிலிருந்து:

எனக்கு வெயில் ஆகாது அண்ணா, ராத்திரி ஆள் நான். நான் துரத்தியது ஏ.டி. லியோனிஸ் என்ற நட்சத்திரத்தின் ஃபிளேரை. சுமார் 16 ஒளியாண்டு தூரத்தில் ஒரு சிவப்புக் குள்ளன், அதாவது சூரியனை விடச் சின்னதும் வெப்பம் குறைந்ததுமான நட்சத்திரம். சிம்மத்தில் மக நட்சத்திரத்துக்கு மேலே அல்ஜீபா என்ற நட்சத்திரம் இருக்கிறதே, அதை ஒட்டினாற்போல இருக்கும். அதுதான் தலைவலியே. அல்ஜீபாவின் பிரகாச எண் (மேக்னிட்யூட்) இரண்டு, நம்ம ஆள் ஒன்பதையும் தாண்டி; எண் கூடக் கூட மங்கல். கேமரா ஃபிரேமுக்குள் அல்ஜீபா வந்தால் பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் அகல்விளக்கு வைத்த கதை. அதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளி வைத்தேன்.

நீல ஃபில்டர், 20 விநாடி எக்ஸ்போஷர். சிவப்புக் குள்ளனின் மேற்பரப்பு வெப்பம் மூவாயிரத்துச் சொச்சம் கெல்வின், ஃபிளேர் வந்த இடம் பத்தாயிரத்தை ஒட்டிப் போகும். அதனால் சிவப்பில் தேடினால் பிசுபிசுத்துவிடும், நீலத்தில்தான் எகிறும். சூரியனில் உங்களுக்கு நேர்மாறு, இல்லையா? அங்கே பின்னணியே பளபளப்பு, இங்கே பின்னணி மங்கல். முழு நட்சத்திரமும் ஒரே புள்ளியாகத் தெரிந்தாலும் வித்தியாசம் பிடிபடுகிறது.

நான்கு ராத்திரி ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஃபிரேமில் வெளிச்சம் குதித்தது, சந்தோஷப்பட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் செயற்கைக்கோள் கோடு. ஐந்தாவது ராத்திரி வெளிச்ச கிராஃப் இரண்டே ஃபிரேமில் செங்குத்தாக ஏறி, பிறகு பத்து நிமிஷம் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. நம்பவில்லை. பனி படிந்ததா, மேகம் ஓடியதா என்று ஒப்பீட்டு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சமதரை. ஏறியது அவன் மட்டும்தான். அப்போது மணி 2:40. எழுப்பிச் சொல்ல வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை.

கொடைக்கானலிலிருந்து:

தம்பிமார்களே, நான் ஃபிளேரைப் பார்த்தவன் அல்ல, தவறவிட்டவன். வெள்ளைக் காகிதத்தில் சூரிய பிம்பத்தை விழவைத்து வருஷக்கணக்காகப் புள்ளி வரைகிறேன், ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் ஊர் ஆய்வகத்திலேயே 1904 முதல் வெள்ளொளியிலும் 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்பாவிலும் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு பெரும்பாலும் நாளுக்கு ஒன்றிரண்டுதான். ஃபிளேர் நமக்காகக் காத்திருக்குமா?

நீங்கள் இருவரும் கருவியைச் சந்தேகப்பட்டதைப் படித்ததும் ஆங்கிலேய வானியலாளர் காரிங்டன் ஞாபகம் வந்தது. 1859 செப்டம்பர் 1, காலை 11:18, லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில். அவரும் பிம்பத்தை விழவைத்துப் புள்ளி வரைந்துகொண்டிருந்தவர்தான். திடீரென்று இரண்டு வெள்ளைத் திட்டு. டெலஸ்கோப்பின் முகப்பில் கட்டிய திரை ஓட்டையாகி வெளிச்சம் ஒழுகுகிறதோ என்றுதான் அவருக்கும் முதல் எண்ணம். பிம்பத்தை அசைத்துப் பார்த்து, அப்படியில்லை என்று தெரிந்ததும், சாட்சிக்கு ஆள் தேடி ஓடினார். ஒரு நிமிஷத்துக்குள் திரும்பிவிட்டார். அதற்குள் வெகுவாக மங்கிவிட்டது. ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. நல்லவேளை, ஹாட்ஜ்சன் என்பவரும் தனியாக வேறிடத்திலிருந்து அதையே பார்த்திருந்தார். சுமார் பதினேழு மணி நேரம் கழித்துப் பூமியில் காந்தப்புயல், தந்திக் கம்பிகளெல்லாம் கோளாறு.

ஃபில்டர் இல்லாத வெள்ளொளி பிம்பத்திலேயே எடுபட்டது என்றால் அது எப்பேர்ப்பட்டதாக இருந்திருக்கும், மதுரைத் தம்பி யோசித்துப் பாருங்கள்.

மதுரையிலிருந்து:

யோசித்தேன் ஐயா. அவருக்கு ஹாட்ஜ்சன் கிடைத்தார். எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி எதிர்வீட்டுப் பெண். கேட்டால் தூசி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள்.