5 வயதுப் பெண்ணை 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலேவுக்கு அழைத்துப் போகலாமா?

பூவரசி:
வணக்கம். அடுத்த மாதம் நடக்கும் 'ஸ்லீப்பிங் பியூட்டி' (சாபத்தால் தூங்கிப்போகும் இளவரசியின் கதை) பாலே நடன நாடகத்துக்கு நாலு டிக்கெட் எடுத்துவிட்டேன். பெண்ணுக்கு 5 வயது, பையனுக்கு 8. எடுத்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. இடைவேளைகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 3 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், மேடையில் யாரும் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை, பாடப்போவதுமில்லை. நானே இதுவரை ஒரு பாலேவும் நேரில் பார்த்ததில்லை. சின்னவளுக்குக் கதை என்றால் உயிர், ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்பாள். பெரியவன் "அது பொண்ணுங்க பாக்குறது" என்று இப்போதே முறுக்கிக்கொண்டு நிற்கிறான். கெட்ட தேவதை வரும் இடத்தில் சின்னவள் பயந்து அழுதால் என்ன செய்வது என்ற கவலை வேறு. முன்கூட்டியே கதையைச் சொல்லிவிடலாமா, சொன்னால் சுவாரசியம் போய்விடுமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நடுவரிசை:
கதையைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதானே அந்த வயதுக்குப் பிடிக்கும். பாலேவில் அடுத்து என்ன நடக்கும் என்பதில் ருசியே இல்லை, தெரிந்த கதை உடம்பால் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. சொல்லும்போது மேடையில் வருகிறபடி சொல்லுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-ல் வெளியிட்ட மூலக்கதையில் கல்யாணத்துக்கு அப்புறம் இளவரசனின் அம்மா மனிதரைத் தின்னும் அரக்கியாக வருவாள். பாலே அந்தப் பாதியைத் தொடுவதே இல்லை, கல்யாணத்தோடு முடிந்துவிடும்.

கதையோடு சேர்த்து நாலு சைகைகளையும் பழக்கிவிடுங்கள், எங்கள் வீட்டில் நிலைமையை மாற்றியது இதுதான். பாலேவில் அபிநயத்துக்கு என்று பழைய கை மொழி ஒன்று இருக்கிறது. முகத்தைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டால் 'அழகு'. மோதிர விரலைச் சுட்டிக் காட்டினால் 'கல்யாணம்'. தலைக்கு மேல் கைகளை ஒன்றையொன்று சுற்றி உருட்டினால் 'ஆடலாம்'. விரல்களை மடக்கி, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் 'சாவு'. முன்னுரைக் காட்சியில் கரபோஸ் என்கிற கெட்ட தேவதை, பெயர்சூட்டு விழாவுக்குத் தன்னை அழைக்கவில்லை என்ற கோபத்தில் வந்து, குழந்தை அழகாக வளருவாள், விரலில் ஊசி குத்தும், செத்துப்போவாள் என்று சாபம் விடுவதெல்லாம் இந்தக் கை மொழியில்தான். அது புரிந்துவிட்டால் "என்ன நடக்குது?" என்ற கேள்வி பாதியாகக் குறைந்துவிடும். என் மகன் பக்கத்து இருக்கைக்காரருக்கே மொழிபெயர்த்துச் சொன்னான். சில தயாரிப்புகளில் இந்த அபிநயத்தை வெட்டி நடனமாக மாற்றிவிடுவார்கள், அதனால் நீங்கள் பார்க்கப்போவது எப்படிப்பட்டது என்று அரங்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரக்கொன்றை:
எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. 8 வயதுக்கு சரி, 5 வயதுக்கு முழு நீள 'ஸ்லீப்பிங் பியூட்டி' கனம்தான். முன்னுரை, மூன்று அங்கங்கள் என்று எல்லாமே விஸ்தாரமாகப் போகும். அதிலும் இரண்டாம் அங்கத்தில் இளவரசனுக்கு, தூங்கும் இளவரசி அரோரா ஒரு தோற்றமாக மட்டும் காட்டப்படும் காட்சி நிதானமானது, பெரியவர்களுக்குக் கனவு போல இருக்கும், சின்னதுகள் நெளிய ஆரம்பிக்கும் இடமும் அதுதான். சிறுவர்களுக்கென்றே சுருக்கிய பாலேக்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் இங்கிலீஷ் நேஷனல் பாலே குழு கதைசொல்லி ஒருவரை மேடையில் வைத்து 'மை ஃபர்ஸ்ட் பாலே' என்ற வரிசையையே நடத்துகிறது, அங்கேயே நார்தர்ன் பாலே குழு 40 நிமிட அளவில் சின்ன பாலேக்கள் செய்கிறது. இவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பெரியதற்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிக்கெட் எடுத்தாயிற்று என்பதால் சொல்கிறேன், இடைவேளையில் எழுந்து வீட்டுக்குப் போவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் ஆசையாகப் பார்த்துவிட்டுப் போன குழந்தை அடுத்த தடவையும் வரும். அதட்டி உட்கார வைக்கப்பட்ட குழந்தை வராது.

நுனிக்கால்:
பாலே பயின்றவன், இப்போது சிறுவர்களுக்குச் சொல்லித்தருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பையன். "பொண்ணுங்க பாக்குறது" என்று சொல்லும் பையன்கள் என் வகுப்பிலேயே மாறியிருக்கிறார்கள். அவனிடம் நீலப்பறவையைப் பற்றிச் சொல்லுங்கள். கடைசி அங்கத்தில் அரோராவின் கல்யாணத்துக்கு வேறு தேவதைக் கதைகளின் பாத்திரங்களெல்லாம் விருந்தாளிகளாக வருவார்கள், பூட்ஸ் போட்ட பூனையும் வெள்ளைப் பூனையும், சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும், அவர்களோடு நீலப்பறவையும். அந்த ஆட்டக்காரர் மேடையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, தரையில் கால் பாவியதே தெரியாமல், காற்றிலேயே கால்களை அடித்துக்கொண்டு போவார். 1890-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் இந்த பாலே முதன்முதலாக அரங்கேறியபோது நீலப்பறவையாக ஆடியவர் என்ரிகோ செக்கெட்டி, அப்போது அவருக்கு 39 வயது. அதே இரவில் கெட்ட தேவதை கரபோஸாக வந்தவரும் அவரேதான்.

இது உங்கள் பெண்ணின் பயத்துக்கும் மருந்து. இன்றும் பல தயாரிப்புகளில் கரபோஸாக ஆண்தான் வருகிறார். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அவர் படம் இருந்தால் முன்பே காட்டி, "இந்த மாமாதான் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பெரிய பாவாடை கட்டி வருவார்" என்று சொல்லிவிடுங்கள். இடிச் சத்தம், இருட்டு, எலிகள் இழுத்து வரும் வண்டி எல்லாம் இருக்கலாம். ஆனால் கரபோஸ், விருந்தாளிகளின் பேர்பட்டியல் எழுதிய அரண்மனை அதிகாரியின் தலைமுடியைப் பிய்த்து எறியும் இடத்தில் குழந்தைகள் சிரித்துவிடுவார்கள். அவள் சாபம் விட்ட உடனே லைலாக் தேவதை என்கிற நல்ல தேவதை முன்னால் வந்து, சாவு இல்லை, 100 வருடத் தூக்கம் என்று மாற்றிவிடுவாள். பயம் வந்த சூட்டோடு ஆறுதலும் வந்துவிடும், அந்தக் கதையின் கட்டுமானமே அப்படித்தான்.

அதற்கு முன்னால் தேவதைகள் ஒவ்வொருவராகத் தனியே ஆடிக் குழந்தைக்கு ஒரு குணத்தைப் பரிசளிக்கும் பகுதி நீளமானது. "மொத்தம் எத்தனை தேவதை?" என்று எண்ணச் சொல்லுங்கள். கானரிப் பறவை மாதிரி கைகளைப் படபடக்கும் தேவதை எது, ஆள்காட்டி விரலை நீட்டி நீட்டி மின்னல் வெட்டுவது போல ஆடும் தேவதை எது என்று தேடட்டும். முதல் அங்கத்தில் நாலு இளவரசர்கள் ஒவ்வொருவராக அரோராவின் கையைப் பிடித்து விட, அவள் ஒரே கால் நுனியில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கும் இடம் வரும். ஆடுகிறவர்களுக்கு அதுதான் அன்றைய பரீட்சை. அந்த இடத்தில் நான் இன்னமும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன். கால் நுனியில் நிற்கப் போடும் அந்தக் காலணிக்குள் மரக்கட்டை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, துணியையும் தாளையும் அடுக்கடுக்காகப் பசை போட்டு இறுக்கியதுதான், முக்கியப் பாத்திரம் ஆடுகிறவருக்கு ஒரு ஜோடி ஒரே இரவில் நைந்துபோவதும் உண்டு.

கைதட்டலைப் பற்றிக் கவலையே வேண்டாம். தனி ஆட்டம் முடிந்ததும் நடுவிலேயே தட்டலாம்.

வயலின்பெட்டி:
இசையை விட்டுவிட்டீர்களே! போவதற்கு முன் இரண்டு வாரம் இந்த பாலேவுக்கு சாய்க்கோவ்ஸ்கி அமைத்த இசையை வீட்டில் ஓடவிடுங்கள். திரை விலகுவதற்கு முந்தைய தொடக்க இசையிலேயே முதலில் தடதடவென்று வருவது கரபோஸின் மெட்டு, அப்புறம் மெதுவாக மலர்ந்து வருவது லைலாக் தேவதையின் மெட்டு. இரண்டும் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். காதுக்குப் பழகிவிட்டால், ஆள் வருவதற்கு முன்னாலேயே யார் வரப்போகிறார்கள் என்று குழந்தை சொல்லிவிடும், அந்தப் பெருமையில் அடுத்த அரை மணி நேரம் ஓடும். பூனைகள் ஆட்டத்தில் ஓபோ என்கிற ஊதுகருவி மியாவ் என்று கத்துவதையும் கேட்கச் சொல்லுங்கள். வீடியோ மட்டும் போட்டுக் காட்டாதீர்கள், முதல் தடவை மேடையில்தான் பார்க்கட்டும்.

நடுவரிசை:
வீடியோ விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன், பயப்படும் குழந்தைக்கு கரபோஸ் வரும் இரண்டு நிமிடத்தைப் பகல் வெளிச்சத்தில் காட்டிவிடுவது நல்லது. இன்னொன்று, தாமதமாகப் போனால் இடைவேளை வரை உள்ளே விடாமல் இருக்கலாம், கழிப்பறை எல்லாம் முன்பே முடித்துவிடுங்கள். சின்னவளுக்கு உயர மெத்தை தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

பூவரசி:
நேற்று போய்விட்டு வந்தோம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரபோஸ் மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்ததும் சின்னவள் என் காதில் "சாவுன்னு சொல்றா, ஆனா நல்ல தேவதை இன்னும் பரிசு குடுக்கல, அவ இருக்கா" என்றாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், அழவில்லை. சரக்கொன்றை சொன்னது அப்படியே நடந்தது, அந்தத் தோற்றக் காட்சியில் நெளிந்து, என் மடியில் ஏறித் தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. பூனைகள் வந்தபோது அவளாகவே விழித்துக்கொண்டாள். பெரியவன் இடைவேளை முழுவதும் மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். நீலப்பறவை ஆடி முடித்ததும் எழுந்து நின்று தட்டினான், இன்று காலையிலிருந்து ஹாலில் மூலைக்கு மூலை குதித்துக்கொண்டிருக்கிறான். அடுத்து 'ஸ்வான் லேக்' என்கிறான். போகலாமா?

நுனிக்கால்:
மிகவும் சந்தோஷம்! 'ஸ்வான் லேக்' பெரும்பாலும் சோகமாக முடியும், சின்னவளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும். நடுவில் 'கொப்பேலியா' பாருங்கள், பொம்மையை நிஜப் பெண் என்று நம்பி ஒருவன் ஏமாறும் கதை, யாரும் சாக மாட்டார்கள். பையனை மட்டும் ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் போய், ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுங்கள்.